வடசென்னைக்கு இருபது ஆண்டுப் போக்குவரத்துத் திட்டம் போடுவது எப்படி?

வடசென்னை வரைபடத்தை மேசையில் விரித்து, கடலில் இருந்து மேற்கே விரலை நகர்த்திப் பாருங்கள். முதலில் எண்ணூர் விரைவுச் சாலை. அடுத்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் அதே தடத்தில் போகும் மெட்ரோவும். அதற்கு மேற்கே கும்மிடிப்பூண்டி ரயில் பாதை. அதையும் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய். எல்லாமே வடக்கு தெற்காக ஓடுகின்றன. மணலியில் இருந்து திருவொற்றியூர் மெட்ரோவுக்கு வர வேண்டியவருக்குக் கால்வாய் ஒரு தடை, தண்டவாளம் இன்னொரு தடை. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. தண்டவாளத்துக்கு மேற்கே இருப்பவர்களுக்கு அது இன்னும் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத கதைதான்.

ஆகவே இந்தப் பகுதிக்கு நீண்டகாலத் திட்டம் போடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது கிழக்கு மேற்காக எத்தனை இடத்தில், எத்தனை நிமிடத்தில் கடக்க முடிகிறது என்பதை. புதிய தடம் எங்கே போடலாம் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. வார்டு பொறியாளர், பகுதி சபை உறுப்பினர், குடியிருப்போர் நலச் சங்கம், நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர் என யார் கையில் எடுத்தாலும் வேலை செய்யக்கூடிய முறை இது.

எல்லையும் ஆண்டும்

மாநகராட்சி மண்டலங்கள் ஒன்று முதல் ஆறு வரை, அதாவது திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர், இவைதான் வடசென்னை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். ஆட்கள் இந்த மண்டலங்களுக்குள் இருக்கலாம். சரக்கு காட்டுப்பள்ளி, மீஞ்சூர், பொன்னேரி, செங்குன்றம் பக்கமிருந்து வருகிறது. எல்லையை வடக்கே மீஞ்சூர் வரையிலும், மேற்கே வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வரையிலும், தெற்கே சென்ட்ரல், பேசின் பிரிட்ஜ் வரையிலும் வையுங்கள்.

ஆண்டுக் கணக்கை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் முழுமைத் திட்டத்தோடு (மாஸ்டர் பிளான்) பொருத்துங்கள். இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-க்கானது. அடுத்தது 2046-ஐக் குறி வைக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லை 2022-ல் 5,904 ஆக விரிக்கப்பட்டது. பஸ், ரயில், மெட்ரோ, சாலை எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்கென்று சட்டப்படி அமைந்தது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாகக் கும்டா. உங்கள் திட்டம் இந்த இரண்டு அலுவலகங்களின் ஆவணத்திலும் ஒரு வரியாகவாவது ஏறவில்லை என்றால் நிதி கிடைப்பது கடினம்.

பயணக் கணிப்புக்காகப் பகுதிகளைச் சிறு வட்டாரங்களாகப் பிரிக்கும்போது பெரும்பாலோர் வார்டு எல்லையை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். வடசென்னையில் அதைச் செய்யாதீர்கள். ஒரு வார்டின் பாதி தண்டவாளத்துக்குக் கிழக்கேயும் பாதி மேற்கேயும் இருந்தால், அதற்குள் மக்கள் தாராளமாக நடந்து போய் வருவதாகவே கணிப்பைப் போடும் கணினி எடுத்துக்கொள்ளும். நேராகப் பார்த்தால் 300 மீட்டர் தூரம். ரயில்வே கேட்டைச் சுற்றி வந்தால் இரண்டு கிலோமீட்டர். அந்த வித்தியாசம் கணக்கில் இருந்தே காணாமல் போய்விடும். எந்த வட்டாரமும் தண்டவாளத்தையோ கால்வாயையோ தாண்டி நிற்கக் கூடாது. வெட்டி இரண்டாக்குங்கள்.

எண்ணுவது

வாகன எண்ணிக்கையை எந்த மாதத்தில் எடுக்கிறோம் என்பதிலேயே பாதித் திட்டம் தீர்மானமாகிவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எண்ணினால் வண்டியே இல்லை என்று அறிக்கை சொல்லும். மே மாதம் பள்ளி விடுமுறை. நவம்பர், டிசம்பர் மழை. மிஞ்சுவது ஜூலை முதல் செப்டம்பர் வரையும், பொங்கல் கழிந்து பிப்ரவரி முடிய உள்ள நாட்களும்தான். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தைச் சராசரியில் சேர்க்காதீர்கள். ஆனால் அந்த நாளுக்கென்று தனியாக ஒரு கணக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேரடி அருகே நடைபாதை அகலம் முடிவு செய்யும்போது உதவும்.

காலை ஆறு முதல் இரவு பத்து வரை 16 மணி நேரம் எண்ணுவது நகரத்தில் பொதுவான வழக்கம். இங்கே அது போதாது. மீன் வண்டிகள் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடும். கண்டெய்னர் டிரெய்லர்கள் இரவு முழுக்க ஓடும். முக்கியமான இடங்களில் தொடர்ந்து ஏழு நாள், 24 மணி நேரம் எண்ணுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் கேமரா வைத்துப் பிறகு எண்ணலாம். ஆனால் டிரெய்லர் வரிசை நிற்கும் இடத்தில் கேமராவை உயரத்தில் வைக்காவிட்டால், டிரெய்லருக்குப் பின்னால் போகும் டூவீலர் ஒன்றுகூடப் பதிவாகாது. ஆட்களை வைத்து எண்ணினால் 15 நிமிடத்துக்கு ஒரு தாள், ஒரு ஆளுக்கு ஒரு திசை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம். தாளில் டூவீலர், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, கார், பஸ், சிறு சரக்கு வண்டி, லாரி, டிரெய்லர், சைக்கிள், மூன்று சக்கர மிதிவண்டி, நடப்பவர் எனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கட்டும். ஆட்டோவையும் ஷேர் ஆட்டோவையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது. நடப்பவர் கட்டம் பல தாள்களில் இருக்கவே இருக்காது, வடசென்னையில் அதுதான் நிறையும் கட்டம்.

எண்ணியதை அப்படியே கூட்டக் கூடாது. வண்டி ஒவ்வொன்றும் சாலையில் பிடிக்கும் இடத்தைக் காரோடு ஒப்பிட்டு மாற்ற வேண்டும். இதற்குப் பி.சி.யு. என்று பெயர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) நகரச் சாலைகளுக்கென வெளியிட்ட ஐ.ஆர்.சி. 106 கையேட்டின்படி, மொத்த வண்டிகளில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ உள்ள வகைக்கு டூவீலர் 0.75, கார் 1, ஆட்டோ 2, லாரி அல்லது பஸ் 3.7. ஒரு உதாரணம். ஒரு மணி நேரத்தில் 3,000 வண்டி: டூவீலர் 1,800, கார் 500, ஆட்டோ 400, லாரியும் பஸ்ஸுமாக 300. மாற்றினால் 1,350 + 500 + 800 + 1,110 = 3,760. நடுவில் டிவைடர் உள்ள நான்கு வழிச் சாலைக்கு அதே கையேடு சொல்லும் கொள்ளளவு இரு திசையும் சேர்த்து 3,600. சாலை நிரம்பி வழிகிறது. எண்ணிக்கையில் பத்தில் ஒன்றாக இருக்கும் கனரக வண்டிகள் சாலையில் பத்தில் மூன்று பங்கைப் பிடித்துக்கொள்வதையும் கவனியுங்கள்.

வண்டி எண்ணிக்கையோடு வீட்டுக் கணக்கெடுப்பும் வேண்டும். நூற்றுக்கு ஒன்றிரண்டு வீடுகளில், நேற்று யார் எங்கே, எதில், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கேட்பது. வீட்டில் இருப்பவரே எல்லோருக்காகவும் பதில் சொன்னால் பெண்களின் சிறு பயணங்கள், ரேஷன் கடை, பள்ளி, சந்தை எல்லாம் விட்டுப்போகும். மாலை ஆறரைக்கு மேல் போங்கள், ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். பஸ் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. விடியல் பயணத்தில் பெண்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டு கொடுக்கப்படுவதால், சாதாரணக் கட்டண பஸ்களில் அவர்கள் எங்கே ஏறுகிறார்கள் என்பது சீட்டுக் கணக்கிலேயே கிடைக்கும். அதை மாநகரப் போக்குவரத்துக் கழகமான எம்.டி.சி.யிடம் கேட்டு வாங்குங்கள்.

கணினிக் கணிப்பு வந்ததும் சரிபார்க்க, கடக்கும் எல்லாவற்றையும் எண்ணக்கூடிய ஒரு குறுக்குக் கோடு வேண்டும். வேறு இடங்களில் அதைத் தேடிப் போட வேண்டும்; இங்கே பக்கிங்காம் கால்வாயே அந்தக் கோடு. கால்வாயின் எல்லாப் பாலங்களிலும் எண்ணிய மொத்தமும், கணினி சொல்லும் மொத்தமும் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் கணிப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

கேட், மேம்பாலம், சுரங்கப்பாதை

தண்டையார்பேட்டையில் சரக்கு ரயில் யார்டு இருக்கிறது. துறைமுகத்துக்கும் மணலிக்கும் போகும் சரக்கு ரயில்கள் வழியில் நிற்கும், பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். புறநகர் மின்சார ரயில் கடக்க இரண்டு மூன்று நிமிடம் போதும், ஷன்டிங்கில் இருக்கும் சரக்கு ரயிலுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று வளர்ந்த தலைமுறைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு கேட்டிலும் ஒரு வாரம் ஆள் போட்டு மூடிய நேரம், திறந்த நேரம் இரண்டையும் நிமிடம் தவறாமல் குறியுங்கள். காலை ஒன்பது முதல் பத்துக்குள் நான்கு முறை, முறைக்கு ஆறு நிமிடம் மூடினால் 24 நிமிடம் போய்விட்டது. டிவைடர் இல்லாத இரு வழிச் சாலையின் கொள்ளளவு மணிக்கு 1,500 பி.சி.யு. கேட் மூடுவதால் அது 900 ஆகிறது. கேட் திறந்ததும் இரண்டு பக்க டூவீலரும் எதிர்ப்பக்க வழியையும் சேர்த்து அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த முடிச்சு அவிழ இன்னும் இரண்டு நிமிடம். இதை எந்தக் கையேடும் கணக்கில் சேர்ப்பதில்லை, நீங்கள் சேருங்கள்.

ரயில்வே தன் பங்குப் பணத்தைத் தருவதற்கு வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. நாளொன்றுக்குக் கடக்கும் ரயில் எண்ணிக்கையை வாகன யூனிட்டால், அதாவது வண்டிகளுக்கு வகைவாரியாகத் தரும் எண்களின் கூட்டுத்தொகையால், பெருக்கினால் ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டும். 100 ரயில், 1,000 வாகன யூனிட் என்றால் சரியாக ஒரு லட்சம். ஆட்டோவுக்கும் டூவீலருக்கும் இந்தக் கணக்கில் முழு யூனிட் கிடையாது. அதனால் டூவீலரே அதிகமுள்ள நம் கேட்டுகள், பார்வைக்கு எவ்வளவு நெரிந்தாலும், காகிதத்தில் மெலிந்துதான் தெரியும். ரயில் எண்ணிக்கையில் ஷன்டிங் அசைவுகள் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள், அங்கேதான் கணக்கு நழுவும்.

தகுதி கிடைத்தது, மேம்பாலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்கம்பிக்கு மேலே பாலத்தின் அடிப்பகுதி தண்டவாளத்தில் இருந்து சுமார் ஆறரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உத்திரத்தின் தடிமன் ஒன்றரை மீட்டர் சேர்த்தால் சாலை மட்டம் எட்டு மீட்டர். முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் ஏற ஒரு பக்கம் 240 மீட்டர் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து அரை கிலோமீட்டர். அந்த நீளம் முழுக்க இருக்கும் கடைகள், சந்து முனைகள் பாலத்துக்குக் கீழே போய்விடும். பாலம் ஏழரை மீட்டர், தடுப்புச் சுவர் ஒரு மீட்டர், இருபுறமும் நான்கு நான்கு மீட்டர் சர்வீஸ் ரோடு, 1.8 மீட்டர் நடைபாதை இரண்டு. கூட்டினால் இருபது மீட்டர். பன்னிரண்டு மீட்டர் தெருவில் பாலத்தை மட்டும் திணித்து, சர்வீஸ் ரோட்டை இரண்டரை மீட்டராகச் சுருக்கினால், கீழே இருக்கும் வீடுகளுக்கு ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வராது.

இதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. மேம்பாலம் திறந்ததும் ரயில்வே நிர்வாகம் கேட்டை நிரந்தரமாக மூடிச் சுவர் எழுப்பிவிடும். தலையில் மீன் கூடையோடு வரும் அம்மா அரை கிலோமீட்டர் பாலம் ஏறி இறங்க மாட்டார். சுவரில் ஓட்டை போட்டுத் தண்டவாளத்தைத்தான் கடப்பார். எனவே மேம்பாலத்தின் வரைபடத்திலேயே, அதே ஒப்பந்தத்திலேயே, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மூன்று மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு கீழ்ப்பாதை இருக்க வேண்டும். ‘இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்’ என்று குறிப்பில் எழுதப்பட்டால் அது வராது என்று பொருள்.

தண்டவாளத்துக்கு நேர் மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டும், இருபுறச் சரிவையும் மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ கட்டும். இரண்டு பக்கமும் பாலம் எழும்பி நடுவில் மட்டும் ஓட்டையாக வருடக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் இந்தப் பிரிவினை. பாலம் முழுவதையும் காட்டும் பொது அமைப்பு வரைபடத்துக்கு ரயில்வே கையெழுத்து கிடைக்கும் முன்பு சரிவுக்கு டெண்டர் விடாதீர்கள்.

சுரங்கப்பாதை என்றால் தண்ணீர்தான் எதிரி. மாணிக்கம் நகரும் கணேசபுரமும் மழைக்காலச் செய்திகளில் நிரந்தர வாசிகள். மோட்டார் சக்தியைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சரிவுப் பரப்பு 2,000 சதுர மீட்டர், மழை மணிக்கு 60 மில்லிமீட்டர் என்றால் சேர்வது மணிக்கு 120 கன மீட்டர், அதாவது நொடிக்கு 33 லிட்டர். சாதாரண பம்ப் சமாளிக்கும். பக்கத்துத் தெருக்களில் இருந்து இன்னும் ஒரு ஹெக்டேர் பரப்பின் நீர் உள்ளே சரிந்தால் நொடிக்கு 167 லிட்டர் கூடுதல். அங்கேதான் தோற்றுப்போகிறோம். சரிவு தொடங்கும் வாயிலில் சாலையை 15–20 சென்டிமீட்டர் மேடாக்கி, அதற்கு வெளியே குறுக்குக் கால்வாய் வெட்டித் தெருநீரை வேறு பக்கம் திருப்புங்கள். பம்ப் இரண்டு இருக்க வேண்டும், ஜெனரேட்டர் வெள்ள மட்டத்துக்கு மேலே மேடையில் நிற்க வேண்டும். பம்ப் கொண்டுபோய்க் கொட்டும் கால்வாயே நிரம்பி இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். கடல் ஏற்றத்தின்போது பக்கிங்காம் கால்வாய் நீரை வாங்காது, திருப்பித் தரும். லாரியும் பஸ்ஸும் போக வேண்டுமானால் உயரம் 5.5 மீட்டர். மூன்று மீட்டரில் கட்டிவிட்டால் அந்த வழியாக ஒரு பஸ் தடமும் கனவில்கூட வராது.

கண்டெய்னர் வரிசை

டிரெய்லர் வரிசையைப் பார்த்தவுடன் சாலையை அகலமாக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். துறைமுக வாயில் மணிக்கு 60 டிரெய்லரை உள்ளே விடுகிறது, வருவது 80 என்று கொள்வோம். மூன்று மணி நேரத்தில் 60 வண்டி வெளியே தேங்கும். இழுவையும் டிரெய்லரும் சேர்ந்து 16 மீட்டர், இடைவெளி இரண்டு மீட்டர் என்று வைத்தால் வரிசை ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். சாலையை அகலமாக்கினால் ஒரு வரிசை இரண்டாகும், வேறெதுவும் மாறாது. அடைப்பு வாயிலில் இருக்கிறது: ஆவணச் சரிபார்ப்பு, எடை மேடை, ஸ்கேனர், ஷிஃப்ட் மாறும் நேரம். திட்டத்தில் முதலில் வர வேண்டியது நேரச் சீட்டு முறை, அதாவது இன்ன வண்டிக்கு இன்ன மணி. சீட்டு நேரம் வரும்வரை நிற்க, சாலைக்கு வெளியே கழிப்பறை, குளியலறை, சாப்பாட்டுக் கடையோடு ஒரு யார்டு. ஓட்டுநருக்கு இந்த மூன்றும் கிடைக்காத யார்டு காலியாகவே கிடக்கும், அவர் மறுபடி சாலையோர டீக்கடைப் பக்கம்தான் நிறுத்துவார். மாதவரம் லாரி முனையம் போல நகரின் விளிம்பில் ஒன்று, வாயிலுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் ஒன்று என இரண்டு தேவை.

பெரிய சரக்குச் சாலைகள் வந்துகொண்டிருக்கின்றன. எண்ணூர் துறைமுகப் பகுதியில் இருந்து மாமல்லபுரம் வரை ஏறத்தாழ 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை. துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலை 2009-ல் அடிக்கல் கண்டு, கூவம் படுகையில் நின்ற தூண்களைக் காரணம் காட்டி 2012-ல் நின்றுபோய், ஈரடுக்காக மாறி 2022-ல் மறுபடி அடிக்கல் கண்டது. நீரோட்டப் பாதையில் தூண் வைக்கும் திட்டம் எதுவானாலும், நீர்வளத் துறையின் ஒப்புதலை வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த பாடம் கிடையாது.

இந்தச் சாலைகள் திறக்கும்போது உள்சாலைகளில் சரக்கு குறையும். அப்படி விடுபடும் இடத்தைப் பிடிக்கத் திட்டம் தயாராக இருக்க வேண்டும். எந்தச் சாலையில் பஸ்ஸுக்குத் தனி வழி, எங்கே நடைபாதை, எந்த மணியில் இருந்து கனரக வண்டிக்குத் தடை என்பதெல்லாம் முன்பே ஆணையாக இருந்தால் திறப்பு விழா அன்றே நடைமுறைக்கு வரும். ஆறு மாதம் தாமதித்தால் அந்த இடத்தைக் காரும் நிறுத்திய டெம்போவும் எடுத்துக்கொள்ளும். அப்புறம் யாரும் திருப்பி வாங்க முடியாது.

பஸ், மினி பஸ்

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். வகுத்தால் கிலோமீட்டருக்கு ஐந்நூறு கோடிக்கு மேல். மாதவரத்தில் இருந்து மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம் வழியாக ஒரு தடம் சிறுசேரி சிப்காட்டுக்கும், மாதவரத்தில் இருந்தே இன்னொரு தடம் சோழிங்கநல்லூருக்கும் போகிறது. நல்லதுதான். ஆனால் இதிலும் மணலிக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே எதுவும் இல்லை. அந்த இடைவெளியைப் பஸ்தான் நிரப்ப வேண்டும், அதற்குப் பத்து ஆண்டு காத்திருக்கவும் வேண்டாம்.

மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் சேவைத் தர அளவுகோலில் முதல் நிலைக்கு ஆயிரம் பேருக்கு 0.6 பஸ். ஐந்து லட்சம் பேர் வாழும் பகுதிக்கு 300 பஸ். உங்கள் பகுதியில் ஓடும் தடங்களையும் டிரிப்களையும் கூட்டி அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எங்கே புதிய தடம் வேண்டும் என்று தெரியவில்லையா? ஷேர் ஆட்டோ எங்கே நிரம்பி ஓடுகிறதோ அங்கே. டோல்கேட், மின்ட், மூலக்கடை முனைகளில் ஒரு நாள் நின்று எண்ணினால் போதும்.

இணைப்பு பஸ்ஸின் கணக்கு எளிது. மணலி மார்க்கெட் – திருவொற்றியூர் மெட்ரோ, ஐந்தாறு கிலோமீட்டர். போய்வர 50 நிமிடம், முனையில் நிற்க பத்து நிமிடம், மொத்தம் 60. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமானால் ஆறு பஸ், பழுதுக்கு ஒன்று, ஆக ஏழு. வழியில் கேட் இருந்து ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் தின்றால் சுற்று 70 நிமிடமாகும், இன்னொரு பஸ்ஸும் அதன் டிரைவர் கண்டக்டரும் கூடுதலாக வேண்டும். கேட்டுக்கு மேம்பாலம் கட்டச் சொல்லும் வாதத்தில் இந்தச் செலவையும் சேர்த்து எழுதுங்கள்.

நிறுத்தம் மெட்ரோ வாசலில் இருந்து நூறு மீட்டருக்குள் இருக்க வேண்டும். வழியில் நடைபாதை தடையில்லாமல் 1.8 மீட்டர், விளிம்பு உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வரைபடத்தில் 1.8 என்று இருக்கும், நேரில் போனால் மின்வாரியப் பெட்டி ஒன்றும் விளம்பரப் பலகை ஒன்றும் நடுவில் நிற்கும், மிஞ்சுவது 70 சென்டிமீட்டர். அளவு நாடாவை எடுத்துப் போய் மிகக் குறுகலான இடத்தை அளந்து எழுதுங்கள்.

தண்ணீர் மட்டம்

ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு வெள்ள வரைபடம் இணைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையில் உள்ள 14-ஆம் எண் பாலத்தில் நீர் ஏறியதும் சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் நின்றுபோயின. ஒரு சிறிய பாலம் ஒரு பெரிய முனையத்தையே கட்டிப்போட்டது. இப்படிப்பட்ட ஒற்றை முடிச்சுகள் எங்கெங்கே என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழியைக் குறியுங்கள். பஸ் டிப்போவும் இதில் அடங்கும். 2025 ஜூனில் வியாசர்பாடி டிப்போவில் இருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அப்படிப்பட்ட டிப்போவில் சார்ஜர், மின்மாற்றி எல்லாம் கடந்த வெள்ளத்தின் உச்ச மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி.

சாலை புதுப்பிக்கும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும். மேலே மேலே ஐந்து ஐந்து சென்டிமீட்டராகப் போட்டு வீடுகள் சாலைக்குக் கீழே போன தெருக்கள் ஏராளம். அங்கே மழைநீர் வடிகாலும் பயனற்றுப் போகும்.

நிலமும் வரிசையும்

இருபது ஆண்டுத் திட்டத்தின் உண்மையான வேலை நிலத்தைப் பிடித்து வைப்பது. கட்டுவது பிறகு. எந்தச் சாலை எவ்வளவு அகலமாக வேண்டும் என்ற கோடு முழுமைத் திட்டத்தில் ஏறிவிட்டால், அந்தக் கோட்டுக்குள் வரும் ஒவ்வொரு கட்டட அனுமதியின்போதும் முன்பக்கத் துண்டு தானப் பத்திரத்தில் கைக்கு வரும். மெதுவாகத்தான் வரும், ஆனால் இடிக்காமல் வரும். கோடு ஏறவில்லை என்றால் பத்து ஆண்டு கழித்து ஐந்து மாடிக் கட்டடத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும்.

யார் நிலம் என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்து எழுதுங்கள். வடசென்னையில் பட்டா நிலத்தைவிடத் துறைமுக நிலம், ரயில்வே நிலம், மத்திய உப்புத் துறை நிலம், கால்வாய்ப் புறம்போக்கு ஆகியவற்றில்தான் திட்டங்கள் சிக்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனிக் கால அளவு. எண்ணூர் கழிமுகம், கொசஸ்தலை ஆற்றோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் சேரும். சதுப்பையும் அலையாத்தியையும் காலி இடம் என்று வரைபடத்தில் வெள்ளையாக விட்டால் அங்கேயே திட்டம் மாட்டிக்கொள்ளும். குடும்பங்களை மாற்ற வேண்டி வந்தால், புது வீடு கடலில் இருந்து எவ்வளவு தூரம் என்பதை முதலில் பாருங்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு நிற்பவரை முப்பது கிலோமீட்டர் தெற்கே அனுப்பினால், அவர் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

இனி வரிசை. முதல் இரண்டு ஆண்டில் நடைபாதை, பஸ் நிறுத்தம், இணைப்பு பஸ், கேட் நேரக் கணக்கு, டிரெய்லர் நேரச் சீட்டு. ஐந்து ஆண்டுக்குள் கேட்டுகளுக்கு மாற்று, சுரங்கப்பாதை நீர் வேலை, லாரி யார்டு. பத்து ஆண்டுக்குள் கால்வாய்ப் பாலங்களும் புறநகர் ரயிலுக்குச் சரக்கில் இருந்து விடுபட்ட தனித் தடமும். அதற்கு மேல் செலவுள்ள எதுவானாலும் பஸ், தனிவழி பஸ், லைட் ரயில், மெட்ரோ என நான்கு மாற்றுகளையும் ஒரே தேவைக்கு வைத்து ஒப்பிட்ட பிறகுதான். 2017-ன் மெட்ரோ ரயில் கொள்கையே மாற்று ஆய்வும், பொருளாதார வருவாய் விகிதம் 14 சதவீதமும் கேட்கிறது. கால அளவையும் நிஜமாக வையுங்கள். சென்னை மெட்ரோ வேலை 2009-ல் தொடங்கி, முதல் ரயில் 2015-ல் ஓடி, விம்கோ நகரைத் தொட 2021 ஆனது.

கண்காணிக்க அதிகம் வேண்டாம். ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் வாரம், அதே கால்வாய்ப் பாலங்கள், அதே கேட்டுகள், அதே தாள். மணலி மார்க்கெட்டில் இருந்து திருவொற்றியூர் மெட்ரோ நடைமேடைக்குக் காலை எட்டரைக்குக் கிளம்பினால் எத்தனை நிமிடம் என்று பத்து பேர் பத்து நாள் போய்வந்து குறிக்க வேண்டும். மழை பெய்யும் ஒரு நாளில் இன்னொரு முறை. இரண்டு எண்ணையும் தாளின் முதல் வரியில், தேதியோடு.